உலக செஸ் சாம்பியனோடு மோதும் தகுதி யாருக்கு? கேண்டிடேட்ஸ் தொடரைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

“கார்ல்சன்தானே உலகத்துலேயே நம்பர் ஒன்? அப்புறம் எப்படி குகேஷ் சாம்பியன் ஆனார்?”

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் அப்போதைய சாம்பியன், சீனாவின் டிங் லிரனை குகேஷ் வென்றதிலிருந்து, செஸ் பக்கம் புதிதாக வந்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். நல்ல கேள்வி. பதில் தேடி அதற்கு எட்டு மாதம் முன்னால், டொராண்டோவுக்குப் போக வேண்டும். சாம்பியனுக்கு எதிரே போடப்படும் அந்த ஒற்றை நாற்காலியில் உட்காரும் தகுதி யாருக்கு என்று முடிவு செய்கிற தொடர் அங்கேதான் நடந்தது. அதன் பெயர் கேண்டிடேட்ஸ்.

சாம்பியன்ஷிப் போட்டியைவிட இந்தத் தொடர்தான் எனக்கு உயிர். அதை எப்படிப் பின்தொடர்வது, எதைக் கவனிப்பது என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நீங்கள் செஸ் நன்றாக ஆடுபவராக இருக்க வேண்டியதில்லை. காய்கள் எப்படி நகரும் என்று தெரிந்தால் போதும். ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பேனாவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ரேட்டிங் வேறு, பட்டம் வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ரேட்டிங் என்பது மார்க் மாதிரி. ஆட்டத்துக்கு ஆட்டம் ஏறும், இறங்கும். உலக சாம்பியன் பட்டம் கைமாறுகிற பொருள். வைத்திருப்பவரோடு நேருக்கு நேர் உட்கார்ந்து ஜெயித்துத்தான் அதை வாங்க முடியும்.

நார்வேயின் மாக்னஸ் கார்ல்சன் அதை 2013ல் சென்னையில், ஆனந்தை 6.5-3.5 என்று வென்று வாங்கினார். நான்கு முறை காப்பாற்றிக்கொண்டார். 2022 ஜூலையில், இனி இந்தப் போட்டியில் ஆட விருப்பமில்லை என்று சொல்லி விலகிவிட்டார். அந்த வருடம் மாட்ரிட்டில் நடந்த கேண்டிடேட்ஸில் நெப்போம்னியாச்சி முதலிடம், டிங் லிரன் இரண்டாமிடம். அதனால் அவர்கள் இருவரும் 2023ல் அஸ்தானாவில் மோதினார்கள், டிங் சாம்பியன் ஆனார். அந்த டிங்கைத்தான் குகேஷ் வென்றார். பட்டம் வந்த வழி இதுதான். கார்ல்சன் ரேட்டிங்கில் முதலிடத்திலேயே இருந்தார், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பட்டம் திரும்ப வேண்டுமென்றால் அவரும் மற்றவர்களைப் போலக் கேண்டிடேட்ஸ் வழியாகத்தான் வர வேண்டும். 2023 உலகக் கோப்பையை வென்றதால் அவருக்கு அந்த இடம் கிடைத்தது. வேண்டாம் என்று அவர்தான் சொன்னார்.

சாம்பியன் தகுதிச் சுற்று எதிலும் ஆட வேண்டியதில்லை. அவர் காத்திருப்பார். எட்டுப் பேர் கேண்டிடேட்ஸில் ஆடுவார்கள். ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேரோடும் இரண்டு முறை, ஒரு முறை வெள்ளைக் காயில், ஒரு முறை கறுப்பில். மொத்தம் 14 சுற்று. முதலிடத்துக்கு மட்டும்தான் சாம்பியனோடு மோதும் வாய்ப்பு. இரண்டாமிடத்துக்குப் பரிசுப் பணம் உண்டு, நாற்காலி கிடையாது. 2022ல் டிங்குக்கு நடந்தது விதிவிலக்கு.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள்

விதிகளை மட்டும் மனப்பாடம் செய்தால் இரண்டு நாளில் மறந்துவிடும். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒருவருக்கு நடந்த அநியாயம் இருக்கிறது. அது தெரிந்தால் மறக்காது.

முதல் அதிகாரபூர்வ உலக சாம்பியன்ஷிப் 1886ல் ஸ்டீனிட்ஸுக்கும் சுகர்டோர்ட்டுக்கும் நடந்தது. அதிலிருந்து அறுபது வருடம், யாரோடு ஆடுவது என்பதைச் சாம்பியனே முடிவு செய்தார். பணம் திரட்டி வருபவருக்கே வாய்ப்பு. போலந்தின் அகிபா ரூபின்ஸ்டைன் 1912ல் ஒரே வருடத்தில் ஐந்து பெரிய தொடர்களில் முதலிடம் பிடித்தார். அப்போதைய சாம்பியன் லாஸ்கரோடு அவர் மோதுவதாக இருந்த போட்டி முதல் உலகப் போரில் அடிபட்டுப் போனது. அதன் பிறகு அவருக்கு அந்த வாய்ப்பு வரவே இல்லை. காபபிளாங்கா சாம்பியனாக இருந்தபோது, எதிர்த்து ஆட வருபவர் பத்தாயிரம் டாலர் திரட்டிக்கொண்டு வர வேண்டும் என்று விதி போட்டார். 1927ல் அவரை வென்ற அலெகைன் அவருக்கு மறு வாய்ப்பே கொடுக்கவில்லை. 1946ல் அலெகைன் சாம்பியனாகவே இறந்துபோன பிறகுதான் ஃபிடே, அதாவது சர்வதேச செஸ் கூட்டமைப்பு, பொறுப்பைக் கையில் எடுத்தது. 1950ல் புடாபெஸ்டில் முதல் கேண்டிடேட்ஸ் நடந்தது.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. 1962ல் குராசாவோ தீவில் நடந்த கேண்டிடேட்ஸில் பெட்ரோசியன், கெரெஸ், கெல்லர் மூவரும் தங்களுக்குள் ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களையும் டிரா செய்தார்கள். மூவரும் சோவியத் வீரர்கள். தங்களுக்குள் ஓய்வெடுத்துக்கொண்டு மற்றவர்களோடு மட்டும் முழு பலத்தோடு ஆடினார்கள் என்று பாபி ஃபிஷர் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அடுத்த முறையிலிருந்து ஃபிடே தொடர் முறையையே விட்டுவிட்டு, இருவர் இருவராக மோதும் நாக் அவுட்டுக்கு மாறியது. அரை நூற்றாண்டு கழித்து, 2013 லண்டனில்தான் எட்டுப் பேர் இரண்டு முறை மோதும் இன்றைய வடிவம் வந்தது.

பழைய பயத்தின் சுவடு இன்றைய அட்டவணையிலும் தெரியும். ஒரே நாட்டுக்காரர்கள் பலர் இருந்தால், தொடரின் ஒவ்வொரு பாதியிலும் அவர்களுக்குள் நடக்கும் ஆட்டங்களைத் தொடக்கச் சுற்றுகளிலேயே முடித்துவிடுவார்கள். கடைசியில் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாதபடி. டொராண்டோவில் குகேஷ், பிரக்ஞானந்தா, விதித் குஜராத்தி மூவரும் முதல் மூன்று சுற்றுகளுக்குள்ளேயே ஒருவரோடு ஒருவர் மோதியது தற்செயல் இல்லை.

என்னை அதிகம் வருத்துவது ஷிரோவின் கதை. சாம்பியன் காஸ்பரோவ் 1993ல் ஃபிடேவை விட்டு வெளியே வந்து தனியாகப் பட்டம் வைத்திருந்தார். அவரோடு மோதப்போவது யார் என்று முடிவு செய்ய, 1998ல் ஸ்பெயினில் அலெக்ஸி ஷிரோவும் விளாடிமிர் கிராம்னிக்கும் ஆடினார்கள். கிராம்னிக்தான் ஜெயிப்பார் என்று பெரும்பாலானோர் நினைத்தார்கள். ஷிரோவ் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் 5.5-3.5 என்று வென்றார். நாற்காலி அவருடையது. ஆனால் போட்டி நடத்தப் பணம் கிடைக்கவில்லை, போட்டி நடக்கவே இல்லை. 2000ல் பணம் கிடைத்தபோது லண்டனில் காஸ்பரோவுக்கு எதிரே உட்கார்ந்தது, ஷிரோவிடம் தோற்ற கிராம்னிக். அவர் காஸ்பரோவை வென்று சாம்பியனும் ஆனார். கிராம்னிக்கின் ஆட்டத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனாலும் ஜெயித்தவனை வாசலில் நிறுத்திவிட்டுத் தோற்றவனை உள்ளே அழைத்த அந்த நிகழ்ச்சியை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது.

நம் ஆனந்துக்கும் ஒன்று நடந்தது. 1997 டிசம்பரில் ஃபிடே, ஹாலந்தின் குரோனிங்கனில் பெரிய நாக் அவுட் தொடர் நடத்தியது. மூன்று வாரம் ஓயாமல் ஆடி, கடைசியில் மைக்கேல் ஆடம்ஸை வென்று ஆனந்த் அதில் ஜெயித்தபோது டிசம்பர் 30. ஜனவரி 2 அன்று சுவிட்சர்லாந்தின் லொசானில் அப்போதைய ஃபிடே சாம்பியன் கார்போவோடு பட்டப் போட்டி ஆரம்பம். கார்போவுக்கு நேரடியாக இறுதிப் போட்டியில் இடம், அவர் ஓய்வெடுத்துக்கொண்டு காத்திருந்தார். அந்தக் களைப்போடும் ஆனந்த் ஆறு ஆட்டத்தில் 3-3 என்று சமன் செய்தார். அப்புறம் ரேபிட் என்னும் வேக ஆட்டங்களில் தோற்றார். இப்போது கேண்டிடேட்ஸுக்கும் பட்டப் போட்டிக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி இருக்கிறது. குகேஷுக்கு ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை தயாராக நேரம் கிடைத்தது. அந்த இடைவெளி எவ்வளவு பெரிய விஷயம் என்று லொசானைத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

எட்டுப் பேரும் எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்று பாருங்கள்

கேண்டிடேட்ஸ் தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. நோட்டின் முதல் பக்கத்தில் எட்டுப் பெயரையும் எழுதி, ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அவர் எப்படித் தகுதி பெற்றார் என்று எழுதுங்கள். விதிகள் ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் மாறும், ஆனால் வாசல்கள் ஏறக்குறைய இவைதான். 2026 கேண்டிடேட்ஸுக்குத் தேர்வானவர்களை வைத்தே சொல்கிறேன்.

உலகக் கோப்பை முதல் வாசல். 2025ல் கோவாவில் நடந்தது, 206 பேர் ஆடினார்கள். நாக் அவுட். இரண்டு கிளாசிக்கல் ஆட்டம், அதாவது நீண்ட நேர ஆட்டம், சமன் என்றால் அடுத்த நாள் வேக ஆட்டங்கள், தோற்றால் அன்றைக்கே பெட்டி கட்ட வேண்டியதுதான். குகேஷே அதில் மூன்றாவது சுற்றில் வெளியேறினார். முதல் மூன்று இடங்களுக்குக் கேண்டிடேட்ஸ் டிக்கெட். உஸ்பெகிஸ்தானின் 19 வயது ஜவோகிர் சிந்தரோவ் கோப்பையை வென்றார், சீனாவின் வெய் யி இரண்டாவது, ஆந்த்ரே எசிபென்கோ மூன்றாவது.

கிராண்ட் ஸ்விஸ் இரண்டாவது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நூறுக்கு மேற்பட்ட பலமான வீரர்கள், பதினோரு சுற்று. ஒரே அளவு புள்ளி வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டே போவார்கள். அதனால் முன்னால் இருப்பவருக்கு ஒவ்வொரு நாளும் எதிராளி கடினமாகிக்கொண்டே இருப்பார். முதல் இரண்டு இடங்களுக்கு வாய்ப்பு. 2025 சமர்கந்தில் அனிஷ் கிரி முதலிடம். இரண்டாமிடம் பிடித்த ஜெர்மனியின் மத்தியாஸ் ப்ளூபாம் யாருடைய கணிப்பிலும் இருந்திருக்க மாட்டார். பெரிய பெயர் இல்லாத ஒருவர் பதினோரு நாள் நன்றாக ஆடி உலகத்தின் எட்டுப் பேரில் ஒருவராக ஆக முடியும். அந்தக் கதவு திறந்திருப்பதால்தான் கேண்டிடேட்ஸுக்கே மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

மூன்றாவது, ஃபிடே சர்க்யூட். ஒரு வருடம் முழுக்க ஆடிய தொடர்களில் சிறந்த முடிவுகளுக்குப் புள்ளி கொடுத்து, அதிகம் சேர்த்தவருக்கு இடம். 2024க்கான இடம் ஃபாபியானோ கருவானாவுக்குப் போனது. 2025க்கானது பிரக்ஞானந்தாவுக்கு. அந்த வருடம் ஜனவரியில் தொடங்கிய டாட்டா ஸ்டீல் தொடரை, ஹாலந்தின் விய்க் ஆன் ஸேயில், குகேஷை டை பிரேக்கில் (சமனைத் தீர்க்கும் கூடுதல் ஆட்டங்களில்) வென்று பிடித்தார், பிறகு ருமேனியா, அப்புறம் தாஷ்கண்ட். ஊர் ஊராகப் போய் வருடம் முழுக்கச் சேர்த்த இடம் அது.

கடைசி வாசல் ரேட்டிங். 2026க்கு அதன் வழியாக வந்தவர் ஹிகாரு நகமுரா. இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

ரேட்டிங் வாசலைச் சந்தேகத்தோடு பாருங்கள்

ரேட்டிங் அதிகம் உள்ளவருக்கு ஓர் இடம் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நாக் அவுட்டில் ஒரே ஒரு கெட்ட நாளால் நல்ல ஆட்டக்காரர் வெளியே போய்விடலாம், அவருக்கு ஒரு வழி வேண்டும் என்பதுதான் நோக்கம். சிக்கல் என்னவென்றால், ரேட்டிங்கை வைத்திருப்பவருக்கு ஆடாமல் இருப்பதே லாபம். ஆடினால் இறங்கிவிடலாம். அதனால் குறைந்தது இத்தனை ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்று ஃபிடே விதி வைத்தது. உடனே அந்த எண்ணிக்கையை நிரப்புவது தனி வேலையாகிவிட்டது.

மூன்று உதாரணம். 2022ல் உக்ரைன் போரை ஆதரித்துப் பேசியதற்காக ரஷ்யாவின் கர்யாகினை ஃபிடே தடை செய்ததால் ஓர் இடம் காலியானது. ரேட்டிங்கில் அடுத்தவர் டிங் லிரன். ஆனால் கொரோனாவால் அவர் அதிக ஆட்டங்கள் ஆடியிருக்கவில்லை, முப்பது தேவை. சீனாவில் அவருக்காகவே போட்டிகள் ஏற்பாடு செய்து, சில வாரங்களில் கணக்கை முடித்தார்கள். 2023 டிசம்பரில் அலிரேஸா ஃபிரூஸ்ஜா, கடைசி நேரத்தில் ரேட்டிங்கை ஏற்றுவதற்காக பிரான்ஸின் ஷார்த்ரில் அவசரமாக ஏற்பாடான ஆட்டங்களில் ஆடினார். ஃபிடே அவற்றை ஏற்கவில்லை. உடனே ரூவான் நகரத்தில் ஒரு ஓபன் தொடருக்குப் போய் ஏழுக்கு ஏழு ஜெயித்து, வெஸ்லி ஸோவைத் தாண்டி இடத்தைப் பிடித்தார். 2025ல் நாற்பது ஆட்டம் என்பது விதி. அதை நிரப்ப நகமுரா அமெரிக்காவின் லூசியானா, அயோவா மாதிரி மாநிலங்களில் நடந்த சிறிய தொடர்களில், தன்னைவிடப் பல நூறு ரேட்டிங் குறைந்தவர்களோடு ஆடினார்.

இவர்கள் மூவரையும் நான் குறை சொல்லவில்லை. விதி என்ன கேட்டதோ அதைச் செய்தார்கள். டிங் அந்த வழியாக வந்துதான் உலக சாம்பியனே ஆனார், அவர் தகுதியில்லாதவர் என்று யார் சொல்ல முடியும்? என் மனக்குறை வாசலைப் பற்றியது. அந்த ஓர் இடத்தைக் கிராண்ட் ஸ்விஸின் மூன்றாவது இடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. அங்கே யாரும் எதையும் நிரப்ப வேண்டியதில்லை, உட்கார்ந்து ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதைச் சொல்லிவிட்டு நம்ம ஊர் விஷயத்தை மட்டும் விட்டுவிட முடியாது. 2023 டிசம்பரில் சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ் தொடரைத் தமிழ்நாடு அரசு குறுகிய காலத்தில் நடத்தியது. குகேஷுக்குச் சர்க்யூட் புள்ளி கிடைப்பதற்கான கடைசி வாய்ப்புகளில் அது ஒன்று. அவரும் அர்ஜுன் எரிகைசியும் ஏழுக்கு நாலரை எடுத்து, டை பிரேக் கணக்கில் குகேஷ் முதலிடம் பெற்றார். அந்தப் புள்ளியால்தான் சர்க்யூட்டில் இரண்டாமிடம் உறுதியானது. முதலிடத்திலிருந்த கருவானா ஏற்கெனவே உலகக் கோப்பை வழியாகத் தகுதி பெற்றிருந்ததால், குகேஷுக்குக் கேண்டிடேட்ஸ் கிடைத்தது. வாய்ப்பை இழந்தவர்களில் ஒருவர் அனிஷ் கிரி. அப்போது வெளிநாட்டு ரசிகர்கள் கேட்ட கேள்வி எனக்கும் உறுத்தியது. ஷார்த்ர் தவறு என்றால் சென்னை மட்டும் எப்படிச் சரி? என் பதில் இது. சென்னையில் பலமான எட்டுப் பேர் ஆடினார்கள், யார் வேண்டுமானாலும் ஜெயித்திருக்கலாம், குகேஷ் கஷ்டப்பட்டுத்தான் ஜெயித்தார். ஷார்த்ரில் அப்படி இல்லை. ஆனால் வருடக் கடைசியில் ஒருவருக்குத் தேவைப்படுகிறதே என்று ஒரு தொடர் முளைப்பது நல்ல பழக்கம் இல்லை, அது நம் ஊரில் நடந்தாலும் சரி. கிரி 2025ல் கிராண்ட் ஸ்விஸ்ஸையே வென்று வந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி.

இப்போது நோட்டை எடுங்கள்

இணையத்தில் புள்ளிப் பட்டியல் உடனுக்குடன் வரும். இருந்தாலும் கையால் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

ஒரு பக்கத்தைக் குறுக்காகத் திருப்பிக்கொள்ளுங்கள். இடது பக்கம் மேலிருந்து கீழாக எட்டுப் பெயர். மேலே இடமிருந்து வலமாக அதே எட்டுப் பெயரின் முதல் எழுத்து. ஒருவர் தன்னோடு தானே ஆட முடியாது, அந்தக் கட்டங்களை அடித்துவிடுங்கள். மீதியுள்ள ஒவ்வொரு கட்டத்தையும் நடுவில் கோடு போட்டு இரண்டாக்குங்கள், ஒன்று முதல் பாதி ஆட்டத்துக்கு, ஒன்று இரண்டாம் பாதிக்கு. ஜெயித்தால் 1, டிரா என்றால் அரை, தோற்றால் 0. வெள்ளைக் காயில் ஆடியிருந்தால் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். கறுப்பில் ஜெயிப்பது கஷ்டம் என்பதால் வட்டமில்லாத 1 எங்கே விழுகிறது என்று கண் தானாகத் தேடும். வலது ஓரத்தில் மொத்தம்.

அந்த மொத்தம் எவ்வளவு வந்தால் ஜெயிப்பார்கள்? 2013லிருந்து 2024 வரை இந்த வடிவத்தில் நடந்த ஏழு தொடர்களை வைத்துச் சொல்லலாம். கார்ல்சன், 2014ல் ஆனந்த், 2016ல் கர்யாகின், 2021ல் முடிந்த தொடரில் நெப்போம்னியாச்சி ஆகியோர் எட்டரை எடுத்து வென்றார்கள். 2018ல் கருவானாவும் 2024ல் குகேஷும் ஒன்பது. 2022ல் நெப்போம்னியாச்சி ஒன்பதரை. எட்டரைக்குக் கீழே எடுத்து யாரும் வரவில்லை. எட்டரை என்றால் தோல்வியைவிட வெற்றி மூன்று அதிகம் இருக்க வேண்டும் என்று அர்த்தம். 14 ஆட்டத்தில் மூன்றே மூன்று. கேட்கச் சின்னதாக இருக்கும். எதிரே இருப்பவர்கள் யார் என்று பார்த்தால் அது எவ்வளவு பெரியது என்று தெரியும்.

சமன் வந்தால் என்ன என்பதைத் தொடர் தொடங்கும் முன்பே விதியில் பார்த்து, பக்கத்தின் மேலே எழுதி வையுங்கள். 2013 லண்டனில் கார்ல்சனும் கிராம்னிக்கும் எட்டரையில் சமன். கடைசிச் சுற்றில் இருவருமே தோற்றார்கள், ஒருவர் ஸ்விட்லரிடம், இன்னொருவர் இவான்சுக்கிடம். அதிக ஆட்டம் ஜெயித்தவர் என்ற கணக்கில் கார்ல்சன் முன்னால் வைக்கப்பட்டார். அப்படித்தான் அவர் சென்னைக்கு ஆனந்தோடு ஆட வந்தார். கூடுதலாக ஒரு ஆட்டம்கூட ஆடாமல், கணக்கு வைத்து உலக சாம்பியனின் எதிராளியை முடிவு செய்வது சரியில்லை என்று அப்போதே பலர் சொன்னார்கள். 2022லிருந்து முதலிடம் சமன் என்றால் வேக ஆட்டங்கள் ஆடித்தான் தீர்க்க வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். நல்ல மாற்றம்.

சுற்றுக்குச் சுற்று எதைக் கவனிப்பது

முதல் நாலைந்து சுற்றில் டிரா அதிகம் வந்தால் சலித்துப்போக வேண்டாம். எல்லோரும் ஒருவரையொருவர் தொட்டுப் பார்க்கும் நேரம் அது. திரையின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஏறி இறங்கும் பட்டையை மட்டும் பார்த்து ஆட்டத்தைத் தீர்மானிக்காதீர்கள். யார் கை ஓங்கியிருக்கிறது என்பது பற்றிய கம்ப்யூட்டரின் கருத்து அது. ஆடுபவரின் கடிகாரத்தைப் பாருங்கள். டொராண்டோவில் முதல் நாற்பது நகர்த்தலுக்கு இரண்டு மணி நேரம். அதுவரை கூடுதல் விநாடிகள் கிடையாது, நாற்பது முடிந்த பிறகுதான் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முப்பது விநாடி சேரும். ஆகவே முப்பதாவது நகர்த்தலில் ஒருவரிடம் மூன்று நிமிடம் இருந்தால், பட்டை எங்கே இருந்தாலும் அவருக்கு ஆபத்துதான்.

கடைசி இடங்களில் இருப்பவர்களோடு முன்னணியில் இருப்பவர்கள் எப்படி ஆடுகிறார்கள் என்பதும் முக்கியம். டொராண்டோவில் நிஜாத் அபாசோவ் மூன்றரைப் புள்ளியோடு கடைசியாக வந்தார். குகேஷ் அவரை இரண்டு முறையும் வென்றார். மொத்தம் அவர் ஜெயித்த ஐந்து ஆட்டத்தில் இரண்டு அவை.

அப்புறம், தோற்றதற்கு அடுத்த சுற்று. ஏழாவது சுற்றில் ஃபிரூஸ்ஜாவிடம் நேர நெருக்கடியில் குகேஷ் தோற்றார். பாதித் தொடர் முடிந்தபோது அவரிடம் நான்கு புள்ளி. பதினேழு வயதுப் பையன், உலகமே பார்க்கும்போது, கைக்குள் இருந்த ஆட்டத்தை விட்டுவிட்டு எழுந்தார். அடுத்த சுற்றில் விதித்தை வென்றார். 13வது சுற்றில் அதே ஃபிரூஸ்ஜாவை வென்றார். அந்த இரண்டு ஃபிரூஸ்ஜா கட்டங்களும் என் நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் 0, ஒன்றில் 1.

கடைசி இரவு

இந்திய நேரப்படி ஆட்டம் நள்ளிரவு பன்னிரண்டுக்குத் தொடங்கும். கடைசிச் சுற்றுக்கு முன் குகேஷ் 8.5. நகமுரா, நெப்போம்னியாச்சி, கருவானா மூவரும் தலா 8. அட்டவணை எப்படி அமைந்தது பாருங்கள். குகேஷ் கறுப்பில் நகமுராவோடு, கருவானா வெள்ளையில் நெப்போம்னியாச்சியோடு. நாலு பேருக்கும் வாய்ப்பு இருந்தது, நாலு பேரும் ஒருவர் எதிரே ஒருவர்.

குகேஷ் டிரா செய்துவிட்டார். 9 புள்ளி. ஆனால் முடியவில்லை. பக்கத்து மேசையில் கருவானாவோ நெப்போம்னியாச்சியோ ஜெயித்தால் அவரும் 9, மறுநாள் குகேஷோடு வேக ஆட்டம். கருவானாவுக்கு நல்ல நிலை, பட்டை வெள்ளையின் பக்கம் உச்சிக்குப் போனது. பிறகு இறங்கியது. மறுபடி ஏறியது. குகேஷ் அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு, தாங்க முடியாமல் தன் பயிற்சியாளரோடு நடக்கப் போனார். இங்கே நாங்கள் எங்கேயும் போக முடியாது. வீட்டில் எல்லோரும் தூங்க, சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். 109 நகர்த்தல். விடிகிற நேரத்தில் டிரா ஆனது.

மேசையில் அந்த இருவரும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. “ரொம்ப வருந்துகிறேன்” என்றார் நெப்போம்னியாச்சி. “தப்பு என்னுடையது” என்றார் கருவானா. இருவருக்குமே அந்த டிரா தோல்விதான். நீங்கள் புதிதாகப் பார்க்கிறீர்கள் என்றால், அந்த ஒரு நிமிடக் காட்சியைத் தேடிப் பாருங்கள். கேண்டிடேட்ஸில் இரண்டாமிடம் என்றால் என்ன என்று அதில் தெரியும்.

பெண்களுக்கும் இதே முறையில் தனி கேண்டிடேட்ஸ் உண்டு, எட்டுப் பேர், 14 சுற்று. நம்மில் பலர் அதைப் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டும். சென்னையின் வைஷாலி 2023லும் 2025லும் அடுத்தடுத்து பெண்கள் கிராண்ட் ஸ்விஸ்ஸை வென்றார். 2025 பெண்கள் உலகக் கோப்பை இறுதியில் திவ்யா தேஷ்முக்கும் கோனேரு ஹம்பியும் மோதினார்கள், திவ்யா ஜெயித்தார். நோட்டில் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

அடுத்த தொடர் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். டொராண்டோ 2024 ஆட்டங்கள் எல்லாமே இலவசமாகக் கிடைக்கின்றன. கட்டம் போட்டு, முடிவுகளைப் பார்க்காமல், ஒரு நாளைக்கு ஒரு சுற்று என்று ஆட்டங்களை நகர்த்திப் பார்த்து நிரப்பிக்கொண்டே வாருங்கள். ஏழாவது சுற்று முடிந்ததும் நிறுத்தி, யார் ஜெயிப்பார் என்று அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே ஒரு பெயர் எழுதுங்கள். பேனாவால் எழுதுங்கள், அழிக்க முடியாதபடி. அதற்கப்புறம் எட்டாவது சுற்றைத் திறங்கள்.